இரண்டாவது அட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறவன். வயது 63. முப்பது வருடமாகத் தமிழ்ப் பேப்பரை ஸ்டியரிங் மேல் விரித்துப் படித்துவிட்டுத்தான் முதல் பிள்ளையை ஏற்றப் போவேன். ஆனால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நவம்பர் 17 உலகக் குறைமாதக் குழந்தைகள் தினம் என்று மருமகள் சொன்னாள். அன்றைக்குப் பிழைத்து வந்த பிள்ளைகளின் படங்களும் அம்மாக்களின் பேட்டியும் பேப்பரில் வரும். வரட்டும், நல்லதுதான். அந்தப் பக்கத்தில் ஒரு மூலையில், குறைமாதப் பிள்ளைகளின் கண்ணைப் பறிக்கிற ஒரு நோயைப் பற்றிய இந்தக் கடிதத்துக்கும் இடம் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

என் பேத்தி 28 வாரத்தில் பிறந்தாள். எடை 1,080 கிராம். பசாரில் வாங்குகிற கோழிகூட அதைவிடக் கனமாக இருக்கும். எங்கள் அம்மா தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் வெட்டியவர், வயதான பிறகு ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். 'ஏழு மாதப் பிள்ளை பிழைத்தாலும் பிழைக்கும், எட்டு மாதப் பிள்ளை நிற்காது' என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மையில் அந்தக் காலத்து லயத்தில் இவ்வளவு சின்னப் பிள்ளை எந்த மாதத்தில் பிறந்தாலும் நின்றதில்லை. பஞ்சில் சுற்றி, சுடுதண்ணீர் போத்தலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும். அதனால்தான் நான் எழுதப்போகிற இந்தக் கண் நோயைப் பற்றி, டாக்டர்கள் ஆர்ஓபி (ROP) என்று சொல்லும் குறைமாத விழித்திரை நோயைப் பற்றி, நம் பாட்டிமார்களுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை பிழைத்தால்தானே கண்ணுக்கு வியாதி வர. எதற்கும் ஒரு கைவைத்தியம் வைத்திருக்கும் நம் வீடுகளில் இதற்கு ஒரு சொல்கூடக் கிடையாது.

ஈப்போவில் எட்டு வாரம் இன்குபேட்டர் வார்டு. எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. என் பேத்தியைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள். நான் சொல்லப்போகிற குறையில் பாதி என்னுடையது.

கெஞ்சிக் கேட்டு ஒரு நாள் உள்ளே போய்ப் பார்த்தேன். காலில் சிவப்பாக ஒளிரும் சின்னப் பட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், மேலே திரையில் ஒரு எண். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது காட்டுமாம். 93, 94 என்று ஓடிக்கொண்டிருந்தது 98, 99 என்று ஏறியது. வேனில் பிள்ளைகள் பரீட்சைத் தாளை ஆட்டிக்கொண்டு ஏறுவார்களே, அந்த ஞாபகத்தில் எனக்கு ஒரே சந்தோஷம். அந்த நேரம் பார்த்து மெஷின் கத்தியது. மிஸ்ஸி (நர்ஸ்) வந்து ஆக்சிஜனைக் குறைத்தார். எனக்குக் கோபம். "என்னம்மா, நல்லா ஏறும்போது குறைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன். நல்லவேளை, தமிழ் மிஸ்ஸி. "தாத்தா, இந்தப் பிள்ளைகளுக்கு நூறு நல்ல மார்க் இல்லை. தொண்ணூறுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் நடுவில் வைக்கணும். கூடினால் கண்ணுக்கு ஆகாது" என்றார். நுரையீரலுக்குக் கொடுக்கிற காற்றுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

சம்பந்தம் என்ன என்று கண் டாக்டர் அப்புறம் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். கண்ணின் உள்சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. தாயின் வயிற்றில் 16 வாரம் ஆகும்போது அதன் நடுவிலிருந்து ரத்தக் குழாய்கள் கிளம்புகின்றன. அவரைக்கொடி பந்தலில் படர்வதுபோல ஓரத்தை நோக்கிப் போகின்றன. மூக்குப் பக்கத்து ஓரத்தை எட்டவே 36 வாரம் ஆகும். காதுப் பக்கத்து ஓரம் பத்து மாதம் நிறையும்போதுதான் கிடைக்கும். 28 வாரத்தில் பிறந்த பிள்ளைக்குக் கொடி பாதிப் பந்தலில் நிற்கிறது. வெளியே வந்ததும் வயிற்றில் இருந்ததைவிட ஆக்சிஜன் அதிகம். அதில் கொடி வளர்வதை நிறுத்திவிடுகிறது. சில வாரம் கழித்து, குழாய் எட்டாத ஓரப் பகுதி வளர்ந்து, பசித்து, 'எனக்கு ரத்தம் வேணும்' என்று கூப்பிட ஆரம்பிக்கிறது. அந்தக் கூப்பாட்டுக்கு ஓடி வருகிற புதுக் குழாய்கள் ஒழுங்காகப் பந்தலில் படராமல் கண்ணுக்குள் எழும்பி நிற்கும். ஓட்டை உடைசலான குழாய்கள். அவை தழும்பாகிச் சுருங்கும்போது விழித்திரையையே பிடித்து இழுத்துக் கழற்றிவிடும்.

இதனால்தான் பிறந்த அன்றே கண்ணைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறந்து நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் முதல் சோதனை. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், 1,500 கிராமுக்குக் குறைந்தவர்கள் எல்லாருக்கும் கட்டாயம் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய பிள்ளையாக இருந்தாலும் வார்டில் ரொம்பக் கஷ்டப்பட்டிருந்தால் பார்க்கச் சொல்வார்கள். ஒரு தடவை பார்த்தால் போதாது. கொடி ஓரத்தை எட்டும் வரைக்கும் வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லேசாக வந்தது பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடுமாம். எது அடங்கும், எது அடங்காது என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை தடவை கூப்பிடுகிறார்கள்.

எங்கள் பேத்திக்கு வார்டிலேயே இரண்டு தடவை பார்த்தார்கள். இரண்டாவது தடவை ஓரத்தில் ஒரு கோடு தெரிகிறது, மறுபடி பார்க்கணும் என்றார்கள். அப்புறம் எடை 1.9 கிலோ ஆனதும் வீட்டுக்கு விட்டார்கள். அன்றைக்கு எங்கள் தாமானில் (குடியிருப்பில்) அரைவாசிப் பேர் எங்கள் வீட்டில்தான். கையில் ஒரு பை மருந்து, ரெக்கார்டு புத்தகம், இரண்டு அட்டை. ஒன்று குழந்தை டாக்டருக்கு, மூன்று வாரம் கழித்து. இன்னொன்று கண்ணுக்கு, அடுத்த வியாழக்கிழமை. இரண்டும் ஒரே அளவு, மலாயில் ஒரே மாதிரி எழுத்து. இரண்டையும் ஐஸ்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தேன்.

இங்கேதான் என் தப்பு. வியாழக்கிழமை எனக்கு ஓட்டம் உண்டு. காலையில் இரண்டு பள்ளி, மதியம் இரண்டு பள்ளி. மகனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட், லீவு எல்லாம் வார்டு வாசலிலேயே தீர்ந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் பள்ளி விடுமுறை, அப்போது நிம்மதியாகப் போகலாம் என்று நினைத்தேன். என் மனைவி வேறு, "இப்பதான் பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கு, அதுக்குள்ள காத்துல எதுக்குத் தூக்கிக்கிட்டுப் போறது? விளக்குப் போட்டா கண்ணைச் சுருக்குது, நல்லாத்தானே பாக்குது" என்றாள். நானும் பார்த்தேன். கருகருவென்று அழகான கண். ஒரு சிவப்பு இல்லை, ஒரு பீளை இல்லை. போன் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார்கள். தேதி மாற்ற முடியுமா என்று கேட்டேன். பேரும் நம்பரும் கேட்டார்கள், பன்னிரண்டு நாள் தள்ளிக் கொடுத்தார்கள். பிள்ளை எத்தனை வாரத்தில் பிறந்தது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது என்று திருப்தியாக இருந்தது.

வியாழக்கிழமை போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும், கிளினிக்கிலிருந்து மலாய் மிஸ்ஸி ஒருவர் பிள்ளையை எடை போட்டுப் பார்க்க வந்தார். எழுந்து போகும்போது ஐஸ்பெட்டிக் கதவைப் பார்த்தார். இரண்டாவது அட்டையை எடுத்துத் திருப்பினார். நான் பேனாவால் தேதியை அடித்துப் புதுத் தேதி எழுதியிருந்தேன். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. "மாத்தா தாக் போலே துங்கு, பக் சிக்" என்றார். கண் காத்திருக்காது என்று அர்த்தம். அவரே தன் கைப்பேசியில் கூப்பிட்டு, யார் யாரிடமோ பேசி, இன்றைக்கே வரச் சொல்கிறார்கள் என்றார். வெள்ளிக்கிழமை தொழுகைக்காக மதிய இடைவேளை நீளம் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். இரண்டே முக்காலுக்கு வாசலில் நிற்க வேண்டும். இன்னொரு வேன்காரரிடம் என் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, பேத்தியையும் மருமகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கந்தான் சுண்ணாம்பு மலையைத் தாண்டுகிற அந்தப் பழைய ரோட்டில் ஆயிரம் தடவை ஓட்டியிருப்பேன். அன்றைக்குத்தான் அது இவ்வளவு தூரமா என்று இருந்தது.

அந்தச் சோதனையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், மருமகளால் முடியவில்லை. முதலில் சொட்டு மருந்து, விட்டு விட்டு மூன்று தடவை. கருவிழியின் நடுப்பொட்டு மணத்தக்காளிப் பழம் மாதிரி விரிந்தது. துணியில் கை கால் அசையாமல் சுற்றினார்கள். மரத்துப்போகிற மருந்து விட்டு, வளைந்த மெல்லிய கம்பி ஒன்றை இமைக்குள் வைத்துக் கண்ணைத் திறந்து பிடித்தார்கள். ஒரு மிஸ்ஸி உதட்டில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார். டாக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு லென்ஸைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் குனிந்தார். என் அம்மா விடியற்காலையில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரத்தில் கோடு பார்த்துக் குனிவார். அதே குனிவு. பிள்ளை வீறிட்டது. ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

டாக்டர் எழுதினதை எட்டிப் பார்த்தேன். 3 என்று எண், பக்கத்தில் ஒரு பிளஸ் குறி. எஸ்பிஎம் பரீட்சையில் ஏ பிளஸ் வாங்கின பிள்ளைகளை ஏற்றின மனுசன் நான். பிளஸ் என்றால் நல்லதுதானே என்று மருமகளைப் பார்த்துத் தலையாட்டினேன்.

சீன டாக்டர் அவர், சின்ன வயது. கம்ப்யூட்டரில் இரண்டு படம் காட்டினார். ஒன்றில் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து மெல்லிசாக, நேராகக் கிளம்பிப் போகின்றன. எனக்கு ஹைவே ஞாபகம் வந்தது. அடுத்தது பேத்தியின் கண். குழாய்கள் தடித்து, நெளிந்து நெளிந்து, தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுகிற பழைய ரோடு மாதிரி. அந்தத் தடிப்பும் நெளிவும்தான் பிளஸ். நோய் வேகம் பிடித்துவிட்டது என்பதற்கு அடையாளம். கோடு முதல் நிலை, கோடு மேடாவது இரண்டு, கண்ணுக்குள் புதுக் குழாய் எழும்புவது மூன்று. விழித்திரை கொஞ்சம் கழன்றால் நாலு, முழுக்கக் கழன்றால் ஐந்து. 1984லிருந்து உலகம் முழுக்க டாக்டர்கள் இந்தக் கணக்கில்தான் எழுதுகிறார்களாம். பிளஸ் சேர்ந்துவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் வைத்தியம் செய்ய வேண்டும். உடம்பில் கத்தி வைக்காமல் ரத்தக் குழாயை நேரே கண்ணால் பார்க்க முடிகிற இடம் விழித்திரை என்றும் டாக்டர் சொன்னார். ஆனால் விளக்கும் லென்ஸும் உள்ளவர்களுக்குத்தான் அது தெரியும். என் மனைவி பார்த்த கருகரு கண்ணில் ஒன்றும் தெரியாது. நடுப்பொட்டு வெள்ளையாகி வீட்டுக்காரர்களுக்கே தெரியும்போது நேரம் கடந்து போயிருக்கும்.

"பன்னிரண்டு நாள் கழித்து வந்திருந்தால்?" என்று கேட்டேன். டாக்டர் பதில் சொல்லவில்லை. ஐந்தாம் நிலைப் படத்தைத் திரையில் கொண்டு வந்தார், உடனே மூடிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மயக்க மருந்து கொடுத்து லேசர் வைத்தார்கள். குழாய் எட்டாத ஓரப் பகுதியைச் சின்னச் சின்னப் புள்ளியாகச் சுட்டுவிட்டால் அது ரத்தத்துக்குக் கூப்பாடு போடுவதை நிறுத்திவிடும். ஓரத்துப் பார்வையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நடுப் பார்வையைக் காப்பாற்றுகிற வேலை. கண்ணுக்குள் ஊசி போடுகிற வைத்தியமும் இருக்கிறது. அதன் பெரிய ஆய்வு 2011ல் வந்தது. ஊசி போட்டால் மாதக்கணக்கில் விடாமல் பார்க்க வேண்டும், நோய் திரும்பி வரலாம் என்றார்கள். எங்களுக்கு லேசர்தான் சரி என்று டாக்டர் முடிவு செய்தார். வெளியே கொண்டுவந்தபோது இரண்டு இமையும் வீங்கி இடியப்பம் மாதிரி இருந்தது. இரண்டு வாரத்தில் நெளிவு குறைந்தது.

இனி சொந்தக்காரர்கள் கதை. 'கண் நரம்பில் பிரச்சினை' என்று செய்தி பரவியது. நம் தமிழில் இது ஒரு தொல்லை. ரத்தம் எடுக்கும்போது 'நரம்பு கிடைக்கல' என்போம், கை நடுங்கினால் 'நரம்புத் தளர்ச்சி' என்போம். ரத்தக் குழாய்க்கும் நரம்புக்கும் ஒரே பேர். அதனால் என் அக்கா வல்லாரை லேகியம் கொண்டுவந்தார், மருமகள் சாப்பிட்டால் தாய்ப்பாலில் போகுமாம். ஒருவர் கேரட் வாங்கி வந்தார். கேரட்டை நான்தான் சாப்பிட்டேன். நரம்பு இல்லை, ரத்தக் குழாய், அதுவும் வளர்கிற குழாய் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

இன்னொருவர், "ஆஸ்பத்திரியில காத்து வச்சே கண்ணைக் கெடுத்துட்டாங்க, கேஸ் போடு" என்றார். இதற்குக் கொஞ்சம் விளக்கமாகப் பதில் சொல்ல வேண்டும். 1942ல் அமெரிக்காவின் பாஸ்டனில் டெர்ரி என்ற கண் டாக்டர்தான் இந்த நோயை முதலில் எழுதினார். குறைமாதப் பிள்ளைகள் வரிசையாகக் குருடாகிக்கொண்டிருந்தார்கள், காரணம் தெரியவில்லை. 1951ல் மெல்பர்னில் கேட் கேம்பெல் என்ற குழந்தை டாக்டர் அம்மாள், தாராளமாகக் கொடுக்கிற ஆக்சிஜனாக இருக்குமோ என்றார். சில வருடத்தில் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து சோதித்து, ஆமாம் என்று முடிவுக்கு வந்தார்கள். உடனே ஆக்சிஜனைக் கண்டபடி குறைத்தார்கள். கண் தப்பியது, ஆனால் மூச்சுக்கு வழியில்லாமல் பிள்ளைகள் செத்தார்கள். கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது என்று கற்றுக்கொண்ட பிறகு வந்ததுதான் அந்த 90க்கும் 95க்கும் நடுவில் வைக்கிற கணக்கு. எவ்வளவு கவனமாக வைத்தாலும் இவ்வளவு சின்னப் பிள்ளைகளில் சிலருக்கு நோய் வரத்தான் செய்யும். காற்று வைத்ததற்கு நான் யார் மேலும் கேஸ் போட மாட்டேன்.

எனக்கிருக்கிற குறை அந்த அட்டையைப் பற்றியது. எடை பார்க்கிற தேதியும் கண் பார்க்கிற தேதியும் ஒரே மாதிரி அட்டையில் இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எப்படித் தெரியும்? எடையை ஒரு வாரம் தள்ளிப் பார்க்கலாம், கொஞ்சம் திட்டுவார்கள், அவ்வளவுதான். கண் அப்படி இல்லை. கண் அட்டையைச் சிவப்பில் அடியுங்கள். 'இந்தத் தேதியை மாற்றாதீர்கள், பிள்ளைக்குக் கண் போய்விடும்' என்று தமிழிலும் சீனத்திலும் ஒரு வரி சேருங்கள். பயமுறுத்துகிற மாதிரி இருந்தால் இருக்கட்டும். போன் எடுக்கிறவர், தேதி மாற்றுவதற்கு முன், 'பிள்ளை எத்தனை வாரத்தில் பிறந்தது?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். வீட்டுக்கு விடும்போது அம்மாவிடம் மட்டும் சொல்லாதீர்கள். அவள் இரண்டு மாதம் தூங்காதவள், எதுவும் காதில் ஏறாது. வண்டி ஓட்டப்போகிறவனைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

பணம் பெரிய தடையில்லை. அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க நாங்கள் கட்டியது ஐந்து வெள்ளி (ரிங்கிட்). தடை வேறு. தோட்டத்திலிருந்து செம்பனைக் காட்டு மண் ரோட்டில் டவுனுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ஈப்போ போய், திரும்புவதற்குள் ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஆறேழு தடவை என்றால் யோசித்துப் பாருங்கள். எங்கள் வேன்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பேசினேன். காலை ஓட்டம் முடிந்து மதிய ஓட்டம் வரை எங்கள் வண்டி சும்மாதான் நிற்கிறது. மூன்று பேர் சரி என்றார்கள். சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் குறைமாதப் பிள்ளைக்குக் கண் தேதி இருந்தால், வேன் நிறுத்துகிற இடத்தில் எங்களில் யாரிடமாவது சொல்லுங்கள். பெட்ரோல் காசு கொடுத்தால் போதும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பேத்திக்கு இப்போது இரண்டு வயது. கிட்டப்பார்வை நிறைய இருக்கிறது, இந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு அது சகஜமாம். தலைக்குப் பின்னால் ரப்பர் பட்டி கட்டின கண்ணாடி போட்டிருக்கிறாள். அதை ஒருமுறை லோங்கானில் (சாக்கடையில்) வீசிவிட்டாள், நான் குனிந்து எடுப்பதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நான் இருந்த பக்கமே திரும்பி இருந்தது. பெரியவளாகும் வரை வருடா வருடம் கண் பார்க்க வேண்டும். அடுத்த தேதி இந்த மாதம் கடைசி வியாழக்கிழமை. அன்றைக்கு வேன் ஓடாது என்று எல்லாப் பெற்றோருக்கும் இப்போதே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பள்ளி வேன் ஓட்டும் ஒரு தாத்தா,
சுங்கை சிப்புட், பேராக்.